ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு: வாய்மொழிச் சான்றுகளின் பேணுகை குறித்துச் சில குறிப்புகள்

ஏட்டறிவு மறுக்கப்பட்ட உழைக்கும் மக்களின் குரல் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகஞ்செய்த கசெற் நாடா மலிந்து பரவிய பின்னரே கூத்தும் வயற்பாடலும் ஒப்பாரியும் பரவலாகப் பதிவாயின. ஆதலின் அந்நாடாக்கள் சமூக வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளாகும். ஒரே பிரதியாயிருந்த ஏடுகளின் கதி யாதென்பதை 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டமை உணர்த்திற்று. நமது வீட்டு அலுமாரிகளிலுள்ள நாடாக்களை அழிக்கத் தீயும் வேண்டியதில்லை. காலமும் ஈரலிப்பும் போதும்.

நாடா என்பது பிளாத்திக்குப் படலத்தின்மீது காந்தத் துகள்கள் பிணைபொருளால் ஒட்டப்பட்ட ஒன்று. ஈரலிப்பிற் பூஞ்சணம் படரும். பிணைபொருள் தளரத் துகள் உதிரும். நாடா நலமாயிருப்பினும் அதனை ஓட்டும் கருவிகள் அருகிவிட்டன.

பெயர்த்தெடுக்கும் முறை கடினமானதன்று. கருவியின் காந்தத் தலையை அற்ககோலால் துடைத்து, நாடாவை ஒருமுறை முழுமையாகச் சுற்றிக்கொள்ளல் வேண்டும். ஒலி மங்கலாயின் தலையின் சாய்கோணத்தைச் சரிசெய்தல் தகும். கருவியைக் கணினியின் ஒலிவாங்கித் துளையிலன்றி, 'லைன்' உள்ளீட்டிலோ யூ.எஸ்.பி. ஒலியிடைமுகத்திலோ இணைக்க வேண்டும். ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருளே போதும். ஒலிமட்டம் உச்சவரம்பைத் தொட்டால் விளையும் சிதைவைப் பின்னர் முற்றாகத் திருத்தவியலாது. ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் குறைந்தது 48 கிலோஹேட்ஸ், 24 பிற் அளவைப் பரிந்துரைக்கின்றது. அவ்வளவில் ஒரு மணிநேர இருதடப் பதிவு ஏறத்தாழ 1 கிகாபைற் கொள்ளும். பேணுவதற்கு வேவ் கோப்பே உரியது, எம்.பி.3 கேட்பதற்கு மட்டும் ஆகும்.

எனினும், 'இரைச்சல்' எது, சான்று எது என்பது வெறும் தொழில்நுட்ப வினாவன்று. களரியில் அழும் குழந்தையும், சபையோரின் ஆரவாரமும், அண்ணாவியாரின் இடைக்குரலும் அக்கலையின் சமூக இருப்பைக் காட்டுவன. அவற்றை நீக்கின், கூத்து மக்களிடமிருந்து பிரிந்த 'தூய' பண்டமாகிவிடும். எனவே மூலக்கோப்பைத் தீண்டலாகாது. திருத்தம் பிரதியொன்றிலேயே செய்யப்படுதல் வேண்டும்.

இன்னொன்றையும் தன்விமர்சனமாகக் கூறல் தகும். நமது சேகரிப்புகள் பலவற்றிற் பதிவுசெய்த புலமையாளரின் பெயர் உண்டு. பாடியவரோ 'ஒரு முதியவள்' என்ற அளவில் நின்றுவிடுகின்றார். பாடியவர், ஊர், நாள், சந்தர்ப்பம் ஆகிய குறிப்புகள் இன்றேல் கோப்பு பெயரற்ற ஓசையே. அக்குரலை அடையாளங்காணக்கூடியோர் ஊரில் வாழும்போதே பிரதியை அங்கு கொண்டுசென்று அவர்களுடன் கேட்டு, பெயர்களைப் பதிந்து, ஒரு பிரதியை அவர்களிடமே விட்டுவருதல் நமது கடன். அதற்கான காலம் நீண்டதன்று.