கூப்பிடும் பெயரையும் சேர்த்தே வையுங்கள்

ஆண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் நட்சத்திரம், எண்கணிதம், தாத்தா பெயர் என்று எல்லாம் பார்க்கிறார்கள். வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. நீளமான பெயரை நம் நாக்கு அப்படியே விட்டுவைக்காது. பாலசுப்பிரமணியன் என்று வைத்தால் பாலு, சுப்பு, மணி மூன்றும் கூடவே வந்துவிடும். சீனிவாசன் சீனுவாகவோ வாசுவாகவோ ஆவான். முன்பெல்லாம் பிள்ளைக்கு மாமனார் பெயரை வைத்தால் மருமகள் அதை வாயால் சொல்ல மாட்டாள். ராஜா, தம்பி என்றுதான் அழைப்பாள். அப்படி வரும் செல்லப் பெயர் சில சமயம் ஊரறிந்த பெயராகவே நின்றுவிடும். 1903-இல் விருதுபட்டியில் பிறந்த குழந்தைக்குக் குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டார்கள். தாய் சிவகாமி ராஜா என்று கூப்பிட்டார். இரண்டும் கலந்துதான் காமராஜ்.

"எங்கள் வீட்டில் முழுப் பெயரைத்தான் சொல்வோம்" என்பவர்கள் உண்டு. வீட்டில் சரி, பள்ளிக்கூடத்தில் சுருக்குவது பிள்ளைகள். "அப்படியானால் சின்னப் பெயரே போதுமே" என்றால், அது சுருங்காதுதான். ஆனால் ஒரே வகுப்பில் நாலு பேருக்கு அதே பெயர் இருந்தால் பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறர் சூட்டும் பெயர் எப்போதும் அன்பானதாக இருப்பதில்லை. அதனால்தான் கூப்பிடும் பெயரையும் பெற்றோரே முதலில் புழக்கத்தில் விட வேண்டும் என்பது. அவசரமும் வேண்டாம்: பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்றாலும், பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதற்குள் இரண்டு மூன்று பெயர்களை, இனிஷியலோடும் சேர்த்து, சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள்.