எங்கள் வீட்டு முதல் கார்

சகோதரிகளே! உங்கள் வீட்டுக்கு முதன்முதலில் கார் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கல்யாணத் தேதி மறந்தாலும் அந்த நாள் மறக்காது என்பீர்கள். எனக்கும் அப்படித்தான். ஆனால் என் ஞாபகத்தில் சந்தோஷத்தோடு ஒரு ராத்திரியும் சேர்ந்தே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்தது பாகூர் பக்கம். ஏரிப் பாசனம், நெல், கரும்பு என்று பச்சைப் பசேல் என்றிருக்கும் ஊர். 1974-ல் அப்பா ஒரு பழைய அம்பாஸிடர் காரை விலைக்கு வாங்கினார். அந்த நாளில் புதுக் கார் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இருந்த ரகங்களையும் விரல் விட்டு எண்ணிவிடலாம். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் தயாரான அம்பாஸிடர், பம்பாயிலிருந்து வந்த ஃபியட், நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு. பெரும்பாலும் அவ்வளவுதான்! அந்த ஃபியட்தான் பிறகு 'பத்மினி' என்று அழகாகப் பெண் பெயர் சூட்டிக்கொண்டது.

வண்டி தெருமுனை திரும்பியதும் ஆயா ஆரத்தித் தட்டோடு ஓடினாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். பக்கத்து வீட்டு 'சொல்தா' தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "புதுச்சேரியில வெள்ளக்காரன் வச்சிருந்த சித்ரோன், பெழோ எல்லாம் நான் பாத்தவன். ஆனா நம்ம தெருவுக்குன்னு வந்த காரு இதுதான்" என்றார். ஊரே சிரித்தது.

ஊருக்கே ஒரு கார்

கார் எங்களுடையது என்று பேர்தானே தவிர, அது தெருவுக்கே சொந்தம். முன் ஸீட் நீளமான பலகை மாதிரி இருக்கும். கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே. ஆகவே முன்னால் மூன்று பேர், பின்னால் பெரியவர்கள் ஐந்து பேர், மடியில் குழந்தைகள்! தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் கார்தான். பிரசவ வலி கண்டால் நடுராத்திரியிலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். கன்னியகோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக டவுன் ஆஸ்பத்திரிக்கு அப்பா ஓட்டிக்கொண்டு போவார். அந்தக் காரில் போய்ப் பிறந்த குழந்தைகளுக்குக் கணக்கே இல்லை.

எல்லாம் சரி. ஓட்டத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் இரண்டே பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் நெல் மண்டி லாரி ஓட்டும் மாமா. பெண்கள்? "பொம்பளைக்கு எதுக்கு ஸ்டீயரிங்?" என்பார்கள். நாங்களும் எதிர்த்துக் கேட்டதில்லை.

அந்த ராத்திரி

1978, ஐப்பசி மாதம். வெளியே அடைமழை. அப்பா ஒரு கல்யாணத்துக்காக பஸ்ஸில் சிதம்பரம் போயிருந்தார். மூன்று வயதுத் தம்பிக்குச் சாயந்திரத்திலிருந்தே நல்ல காய்ச்சல். பத்து மணிக்கு மேல் திடீரென்று கண் மேலே செருக, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

அம்மா அலறினாள். ஆயா, "இரும்பக் குடுங்கடி, இரும்பக் கையில குடுங்கடி!" என்று கத்தினாள். அவசரத்துக்கு என்ன கிடைத்தது தெரியுமா? அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த கார் சாவிதான்! அதைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். சாவி கையில், கார் வாசலில், ஓட்டத்தான் வீட்டில் ஒருத்தரும் இல்லை.

சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு லாரி மாமாவைத் தேடிப் போனார். அவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் இழுப்பு தானாகவே நின்று பிள்ளை துவண்டு கிடந்தான். அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு காரின் பின் ஸீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஓடாத காரில், மழைச் சத்தத்தில், அந்த ஒன்றரை மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். தெய்வாதீனமாகத் தம்பி பிழைத்தான்.

மறுநாள் அப்பா ஓடி வந்தபோது அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்: "சாவி என் முந்தானையிலதாங்க இருந்திச்சு." அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஊசுடு ஏரிக் கரையில்

பிறகு நான் வில்லியனூரில் வாழ்க்கைப்பட்டேன். 1983 டிசம்பர் 14-ம் தேதி அன்றைய பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி காரின் சாவியைக் கொடுத்தாரே, அதன் பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களும் கார் ஆசை கொள்ள ஆரம்பித்தன. எங்கள் வீட்டுக்கும் 1991-ல் ஒரு மாருதி 800 வந்தது. வந்த அன்றே, "எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்க" என்றேன். என் கணவர் ஒரு நிமிஷம் பார்த்தார். தம்பி கதை அவருக்குத் தெரியும். "நாளைக்குக் காலையிலேயே வா" என்றார்.

ஊசுடு ஏரிப் பக்கம் விடியற்காலையில் பழகினேன். கிளட்ச்சை விட்டால் வண்டி தவளை மாதிரி குதிக்கும். மாட்டு வண்டிக்காரர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "அரைச்ச மாவை இட்லித் தட்டுல ஊத்துற மாதிரி மெதுவா விடு" என்றார் இவர். அதற்கப்புறம் குதிக்கவேயில்லை!

லைசென்ஸ் வாங்கிய வருஷம் வைகாசித் திருவிழாவுக்கு அம்மாவை நானே பாகூரிலிருந்து அழைத்து வந்தேன். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர் உங்களுக்குத் தெரியுமே! பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே கவர்னர் வந்து வடம் பிடித்த தேர். துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பது பிறகும் தொடர்கிற வழக்கம். அம்மா அன்று முன் ஸீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதாண்டி எனக்குத் தேரு" என்றாள்.

நெடுந்தூரம் முதலில் ஓட்டியவளே ஒரு தாய்தான்!

பெண்ணுக்கு எதற்கு கார் என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். காரைக் கண்டுபிடித்தவர் என்று ஜெர்மனியின் கார்ல் பென்ஸைச் சொல்கிறோம். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமிலுள்ள தாய் வீட்டுக்கு அந்த வண்டியிலேயே போனார். தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல்! எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். எரிபொருள் தீர்ந்ததும் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் இதுதான். போனதும் தாய் வீட்டுக்கு. நம் குணம் அங்கேயும் அப்படித்தான்!

தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்

* காய்ச்சலில் வரும் இழுப்பு பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வருவது. இரும்பைக் கையில் கொடுப்பதால் அது நிற்காது. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ, தண்ணீரோ, மருந்தோ வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனாலோ, மூச்சு திணறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் நின்றுவிட்டாலும், முதல் முறை என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

* நாங்கள் மடியில் போட்டுக்கொண்டு போனோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். குழந்தை பின் ஸீட்டில், அதற்குரிய தனி இருக்கையில்தான் இருக்க வேண்டும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ, தனி இருக்கையோ இல்லாமல் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய சட்டம் சொல்கிறது.

* கர்ப்பிணிகள் பெல்ட்டை விட்டுவிடக்கூடாது. கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படிய வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவே போக வேண்டும்.

* "இதோ வந்துடறேன்" என்று குழந்தையைக் காருக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் மூடிய காருக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி சூடு ஏறிவிடும்.

அம்பாஸிடரும் மாருதி 800-ம் 2014-ல் தயாரிப்பிலிருந்து நின்றுபோயின. எங்கள் அம்பாஸிடரை அப்பா எப்போதோ விற்றுவிட்டார். தம்பிக்கு இப்போது ஐம்பது வயது. அவன் மகள் பதினெட்டு முடிந்த கையோடு லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

வீட்டில் வண்டி இருந்தும் ஓட்டத் தெரியாத சகோதரிகளே, நாளைக்கே பழகுநர் உரிமத்துக்கு எழுதிப் போடுங்கள். முப்பது நாள் கழித்துப் பரீட்சைக்குப் போகலாம். சாவி முந்தானையில் இருந்தால் மட்டும் போதாது, அம்மா!