பாதம் கழுவும் பெருமை

"சாமி, இவ்வாண்டு பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படும் பன்னிருவரில் எங்கள் குடும்பத்திற்கு இடமில்லையா?"

தவக்காலத்தின் இறுதியில் பங்குப் பெரியவர் ஒருவர் என்னிடம் இவ்வாறு கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது. சற்றுச் சினமும் இருந்தது. அவரை நான் குறைகூற இயலவில்லை. ஏனெனில் அப்பட்டியலைத் தயாரிக்கையில், திருவிழாவுக்கு அதிக நன்கொடை அளித்தவர் யார் என்று முதலில் எண்ணிப்பார்த்தவன் நானே. தாழ்ச்சியின் சடங்கைத் தகுதியின் மேடையாக்கிய பிழை என்னுடையது.

அன்பார்ந்தவர்களே, புழுதி படிந்த கால்களைக் கழுவுவது அக்காலத்தில் கடைநிலை ஊழியரின் வேலை. அதனையே நம் ஆண்டவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு செய்தார் என அருளப்பர் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம் உரைக்கின்றது. இராயப்பரின் பாதங்களை மட்டுமன்று, காட்டிக்கொடுக்கத் துணிந்த யூதாசின் பாதங்களையும் அத்திருக்கரங்கள் கழுவின. அதே பந்தியில், தம்முள் பெரியவர் யார் என்று சீடர்கள் வாதிட்டதை லூக்காஸ் எழுதியுள்ளார். நம் பங்கில் எழுந்த வழக்கு புதியதன்று!

இப்பாடத்தை வாழ்ந்து காட்டியவர், பெரு நாட்டு லீமா நகரில் 1579-ஆம் ஆண்டு பிறந்த புனித மார்ட்டின் தே போரஸ். தந்தை ஸ்பானியப் பிரபு. தாய் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பினப் பெண். தோலின் நிறத்தை முன்னிட்டு, தொமினிக்கன் மடத்தில் முழு உறுப்பினராகும் உரிமை அவருக்கு முதலில் மறுக்கப்பட்டது. அவ்விதி அநீதியானது, அதைத் தாழ்ச்சியின் பெயரால் நாம் நியாயப்படுத்தலாகாது. ஆயினும் அவ்வநீதி மார்ட்டினின் அன்பை வற்றச் செய்யவில்லை. மடத்தைப் பெருக்கினார்; நோயாளரின் புண்களைக் கழுவினார்; வாயிலில் நின்ற ஏழைகளுக்கு உணவளித்தார். 1603-இல் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1639-இல் இறைவனடி சேர்ந்தார். 1962-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருடைய படங்களில் கையில் இருப்பது செங்கோலன்று, துடைப்பம்.

அப்பெரியவரிடம் என் பிழையை ஒப்புக்கொண்டு, பட்டியலைக் கிழித்தேன். இறைமக்கள் அனைவரிலிருந்தும், பெண்கள் உட்பட, பாதம் கழுவப்படுவோரைத் தெரிந்துகொள்ளத் திருச்சபை 2016-ஆம் ஆண்டே வழிவகுத்துள்ளது. எனவே முதல் இருக்கையில், நம் கோவிலை நாள்தோறும் பெருக்கும் பாட்டியை அமர்த்தினேன். "வேண்டாம் சாமி" என்று இராயப்பரைப்போல் அவர் காலை இழுத்துக்கொண்டார். அவ்வேளையில் நீர்க் குவளையை ஏந்தி என்னருகே நின்றவர் யார் தெரியுமா? இடம் கேட்டு வந்த அதே பெரியவர்தான். "எனக்கு ஒரு வேலை தாருங்கள், சாமி" என்று அவராகவே கேட்டிருந்தார்.

பெற்றோரே, பிள்ளைகளே, இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின், நம் வீட்டில் எப்போதும் கடைசியாக உண்பவர் யாரென்று பாருங்கள். அவரை அமரச் செய்து, முதலில் அவருக்குப் பரிமாறுங்கள். பெரிய வியாழன் நம் இல்லத்திலேயே தொடங்கட்டும்.