பழைய டீசல் பஸ்ஸின் வால்வுகளைச் சரிசெய்யும் முறை

பொதுச் சொத்தாக ஒரு பழைய டீசல் பஸ்ஸை வைத்துக் காப்பாற்றும் சங்கத்தாருக்கு அதன் இஞ்சினைப் பற்றிய கவலை ஓயாது. டயர் தேய்வது கண்ணுக்குத் தெரியும். ஸ்பிரிங் பட்டை முறிந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். இஞ்சினுக்குள் நடப்பதோ மூடிக்குள் மறைந்திருக்கிறது. இக்காரணத்தாலேயே வால்வு சரிசெய்யும் வேலை வருஷக்கணக்காகத் தள்ளிப் போடப்படுகிறது. உண்மையில் இதற்கு வேண்டுவன சில சாதாரணக் கருவிகளும், ஒரு காலை நேரமும், பொறுமையுமே. ஸ்பானர் பிடித்துப் பழகிய எவரும், அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக் கொண்டு, முதல் முறையிலேயே இதைச் செவ்வையாகச் செய்து முடிக்கலாம்.

உதாரணமாக, மெர்ஸிடிஸ்-பென்ஸ் கம்பெனியாரின் ஓ.எம். 352 என்னும் இஞ்சினை எடுத்துக் கொள்வோம். 1964ஆம் வருஷம் முதல் அநேக லாரிகளிலும் பஸ்களிலும் வைக்கப்பட்டது இது. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டாக வால்வுகள் பன்னிரண்டு. இதைப் போன்ற வேறு ஆறு சிலிண்டர் இஞ்சின் வைத்திருப்போருக்கும் முறை பெரும்பாலும் இதுவே. ஆனால் இடைவெளியின் அளவையும், சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையையும் அந்தந்த இஞ்சினின் கைப்புஸ்தகத்தைப் பார்த்தே கொள்ள வேண்டும்.

இடைவெளி எதற்கு?

ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்று. எரிந்த புகையை வெளியேற்றும் வால்வு மற்றொன்று. கீழே காம் தண்டு சுழலும்போது அதிலுள்ள மேடு ஒரு தள்ளுகோலை உயர்த்துகிறது. தள்ளுகோல் ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, ஏற்றத்தின் துலாவைப் போல அதன் மறுமுனை தாழ்ந்து வால்வைத் திறக்கிறது. மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது. இஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1,000 தடவை திறந்து மூடுகிறது.

இரும்பு சூட்டில் நீளுமென்பது, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லர் நன்கறிந்த விஷயம். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியில் 100 டிகிரி சென்டிகிரேடு சூடு ஏறினால் அது ஏறக்குறைய 0.12 மில்லிமீட்டர் நீளும். வால்வும் இவ்வாறே நீளுகிறது. அதற்கு இடம் விடாவிட்டால், வால்வு முழுதும் மூட இயலாதபடி ராக்கர் அதைத் தாங்கிக் கொண்டே நிற்கும். ஆகவே, ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே சிறிது இடம் முன்னதாகவே ஒதுக்கப்படுகிறது. மேற்படி இஞ்சினில், ஆறிய நிலையில், காற்று வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர்; புகை வால்வுக்கு 0.30 மில்லிமீட்டர். புகை வால்வு அதிகச் சூடு தாங்குவதால் அதற்கு இடமும் அதிகம்.

சத்தமிடும் வால்வும் சத்தமிடாத வால்வும்

இடைவெளி மிகுந்தால் ‘டக் டக்’ என்ற ஓசை எல்லோருக்கும் கேட்கும். வால்வு தாமதமாய்த் திறந்து சீக்கிரமாய் மூடும், காற்று குறையும், உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துத் தேயும். இது கெடுதியே. ஆனால் இதைவிடப் பெரிய கெடுதி ஓசையே இல்லாமல் வருவது.

இடைவெளி குறைந்த வால்வு சத்தமிடாது. இஞ்சின் முன்னிலும் அமைதியாக ஓடுவதாகக்கூடத் தோன்றும். வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில், தான் உட்காரும் பீடத்தின் வழியாகவே வெளியேற்றி ஆறுகிறது. பீடத்தில் சரியாக உட்காராத வால்வுக்கு ஆறுவதற்கு வழியில்லை. போதாததற்கு, விளிம்பின் வழியே நெருப்புக் காற்றும் பீறிட்டு ஓடுகிறது. விளிம்பு கருகி அரிக்கப்படுகிறது. டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்ற வேண்டும். அழுத்தம் கசிந்தால் காலையில் இஞ்சின் எளிதில் கிளம்பாது. வெள்ளைப் புகை தள்ளும். மேடு ஏறத் திணறும். பின்னர் ஹெட்டையே கழற்றிப் பழுது பார்க்க நேரும்.

ஆதலால், ஓசையை அடக்கும் பொருட்டு இடைவெளியை அளவுக்கு மேல் குறைத்துவிடுவது பஸ்ஸுக்குச் செய்யும் உபகாரமன்று.

வேலை தொடங்குமுன்

இஞ்சின் இரவு முழுதும் ஆறியிருக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுக. இஞ்சினை நிறுத்தும் பிடியையும் நிறுத்தும் நிலையிலேயே இழுத்து வைக்க வேண்டும். ராக்கர் மூடியின் மேலும் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்த பிறகே மூடியைத் திறப்பது முக்கியம். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல், செய்யும் நன்மை முழுவதையும் கெடுத்துவிடும். திருப்புளி, லாக் நட்டுக்குரிய ஸ்பானர், பீலர் கேஜ், மூடிக்குப் புதுக் கேஸ்கெட் ஆகியவற்றைக் கைக்கெட்ட வைத்துக் கொள்க. காற்றுக் குழாய்க்கு நேராயுள்ளது காற்று வால்வு. புகைக் குழாய்க்கு நேராயுள்ளது புகை வால்வு. பன்னிரண்டையும் சாக்கட்டியால் முன்னதாகவே குறியிட்டுக் கொண்டால் மயக்கமிராது.

செய்யும் முறை

ஒரு வால்வை அளக்கும்போது அது முழுதும் மூடியிருக்க வேண்டும்; காம் மேடும் அதைவிட்டு விலகியிருக்க வேண்டும். இதை அறிய எளிய உபாயமொன்று உண்டு. இவ்விஞ்சினின் சிலிண்டர்கள் 1, 5, 3, 6, 2, 4 என்ற வரிசையில் வெடிக்கின்றன. ஒரு சிலிண்டரில் புகை வால்வு மூடிக்கொண்டும் காற்று வால்வு திறக்கத் தொடங்கியும் இரு ராக்கர்களும் ஒரே சமயத்தில் ஊசலாடும்போது, அதன் ஜோடியான சிலிண்டரில் இரு வால்வுகளும் மூடியிருக்கும். ஜோடி எண்கள் இரண்டையும் கூட்டினால் ஏழு வரும். எனவே,

6 ஊசலாடும்போது 1-ஐயும்,
2 ஊசலாடும்போது 5-ஐயும்,
4 ஊசலாடும்போது 3-ஐயும்,
1 ஊசலாடும்போது 6-ஐயும்,
5 ஊசலாடும்போது 2-ஐயும்,
3 ஊசலாடும்போது 4-ஐயும் அளக்க வேண்டும்.

ஒருவர் முன்புறக் கப்பியின் நட்டைப் பிடித்து, இஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாய்த் திருப்ப, மற்றொருவர் ராக்கர்களைக் கவனிப்பது நலம். ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு சுற்று திருப்பினால் இரண்டு சுற்றில் ஆறு சிலிண்டர்களும் முடியும்.

உரிய தகட்டை இடைவெளியில் செலுத்தி இழுத்தால், சிறிது பிடிப்போடு வர வேண்டும். வேறுபட்டால் லாக் நட்டைத் தளர்த்தி, திருப்புளியால் திருகாணியைச் சரிப்படுத்தி, அதை அசையாமல் பிடித்துக் கொண்டே நட்டை இறுக்குக. இறுக்கும்போது திருகாணி சற்றே நகர்வது இயல்பு. ஆதலால் மறுபடியும் அளப்பது கட்டாயம். 0.05 மில்லிமீட்டர் கனமான அடுத்த அளவு நுழையக் கூடாது. ராக்கரின் முகம் குழிந்து தேய்ந்திருந்தால் தகடு குழியின் மேலே பாலம் போல் நின்று பொய்யளவு காட்டும். அத்தகைய ராக்கரைப் பழுது பார்க்காமல் வால்வை மட்டும் திருகுவதில் பயனில்லை.

கணக்குப் புஸ்தகம்

சங்கத்தின் வரவு செலவைப் போலவே இதற்கும் ஒரு கணக்கு வேண்டும். எந்தத் திருகாணியையும் தொடுவதற்கு முன் பன்னிரண்டு இடைவெளிகளையும் இருந்தபடியே அளந்து தேதியோடும், ஓடிய கிலோமீட்டரோடும் எழுதுக; அதன்பின் வைத்த அளவை எதிரே எழுதுக. ஒரு வால்வில் மட்டும் ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்து காணப்பட்டால், அது பீடத்துக்குள் அமிழ்ந்து வருகிறதென்று அறியலாம். ஒன்றில் மட்டும் திடீரென்று மிகுந்திருந்தால் லாக் நட்டு தளர்ந்திருக்கலாம்; தள்ளுகோல் வளைந்திருக்கலாம்; காம் தேய்ந்திருக்கலாம். எழுதாமல் திருகிவிட்டால் அவ்வடையாளம் மறைந்து போகும். எழுதி வைத்தாலோ, நடுவழியில் பிரயாணிகளை இறக்கிவிட நேருமுன்பே ஹெட்டைக் கழற்றும் நாளைச் சங்கத்தாரே தீர்மானித்துக் கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் கருவிகளையும் துணிகளையும் எண்ணிப் பார்த்து, மூடியைப் பொருத்தி, பாட்டரியை இணைத்து, இஞ்சினைக் கிளப்பி எண்ணெய்க் கசிவு உண்டாவென்று பார்க்க வேண்டும். இலேசாக, ஒரே சீராகக் கேட்கும் ‘டிக் டிக்’ ஓசை குற்றமன்று. வால்வுகளுக்கு நீள இடமிருக்கிறதென்பதற்கு அதுவே அடையாளம். கைப்புஸ்தகத்தில் குறித்த தூரம் ஓடியவுடனும், ஹெட் போல்ட்டுகளை இறுக்கிய போதெல்லாமும் இதைத் தவறாமல் திரும்பச் செய்து வருவது சங்கத்தாரின் கடமையாகும்.