தெருவோரத் தீனி – 9: ஜூர்தான் சதுக்கத்தில் ஒரு பொட்டலம்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க என்னென்ன சலுகை தரலாம் என்று 2016 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஜெர்மன் சான்சலர் ஏஞ்சலா மெர்கல் நடுவில் எழுந்து வெளியே வந்து, ஜூர்தான் சதுக்கத்தில் உள்ள மேசோன் அந்த்வான் கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிச் சாப்பிட்டார். மாநாட்டில் என்ன முடிவானது என்பதைவிட இந்தச் செய்திதான் பெல்ஜியக்காரர்களுக்கு இனித்திருக்கும்.

1948 முதல் இருக்கும் கடை அது. கோட்டு போட்ட அதிகாரி, பள்ளிப் பையன், வரைபடத்தோடு நிற்கும் பயணி எல்லோருக்கும் ஒரே வரிசைதான். உட்கார நாற்காலி தேட வேண்டாம். சதுக்கத்தைச் சுற்றியுள்ள மதுக்கடைகள் சில, வறுவலோடு உள்ளே வரலாம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஒரு பியரோ சோடாவோ சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கலாம்.

நிற்கும் நேரத்தில் கைவேலையைப் பாருங்கள். பழைய பழக்கத்தில் ஊறியவர்கள் கேட்கும் கிழங்கு பிந்த்யே. நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கி, தன் மாணவியின் பெயரை வைத்த ரகம் அது. மாவுச்சத்து மிகுந்தது. சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கி, ஈரம் துடைத்து, முதலில் 150 டிகிரி அளவில் பொரிக்கிறார்கள். நிறம் மாறாது, உள்ளே மட்டும் வெந்து மெத்தென்று ஆகும். அதை எடுத்து ஆறவிடுகிறார்கள். அவசரக் கடைகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். நன்றாக ஆறிய கிழங்கு, நீங்கள் காசு கொடுத்த பிறகு 180 டிகிரி அளவில் மறுபடி இறங்குகிறது. மேல்தோலின் ஈரம் சடசடவென்று வெளியேறிப் பொன்னிறமாக மொறுமொறுக்கும். அரித்தெடுத்து, உப்புத் தூவி, ஒரு குலுக்குக் குலுக்கிக் காகிதக் கூம்பில் கொட்டினால் முடிந்தது.

சைவர்கள் இங்கே நிற்க வேண்டும். மரபான கடைகளில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். அந்த மணமும் ருசியும் அதிலிருந்துதான் வருகின்றன. தாவர எண்ணெய்க் கடைகளும் உண்டு; கேட்டுவிட்டு வரிசையில் சேருங்கள்.

சாஸ் பட்டியல் நீளம். மயோனைஸ்தான் ஊர் வழக்கம். தக்காளியும் மிளகாயும் கலந்த ஆந்தலூஸ் மெர்கல் கேட்டு வாங்கியது என்றார்கள். நம் நாக்குக்குப் பொருந்துவது காரமான சாமுராய். எதைச் சொன்னாலும் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். மேலே ஊற்றினால் அடியில் இருப்பவை நமுத்துப்போகும்.

இந்த வறுவலை முதலில் பொரித்தது யார்? மியூஸ் ஆறு உறைந்தபோது மீன் கிடைக்காத நாமூர்க்காரர்கள் கிழங்கை மீன்போல வெட்டிப் பொரித்தார்கள் என்றொரு கதை, 1680 என்ற ஆண்டுமுத்திரையோடு உலவுகிறது. அப்போது அந்தப் பக்கம் கிழங்கே வந்து சேரவில்லை. பெல்ஜிய வரலாற்றாசிரியர் பியேர் லெக்லெர்க்கே பாரிஸைத்தான் கை காட்டுகிறார். காட்டட்டும். பண்டம் யாருடையதாக இருந்தாலும், சதுக்கத்துக்குச் சதுக்கம் நிற்கும் இந்தக் கடை பெல்ஜியத்துடையது.

டச்சு பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் ஒத்துப்போகும் விஷயங்கள் அங்கே குறைவு. 2010 தேர்தலுக்குப் பின் முழு அரசு அமைய 541 நாள் ஆனது. இடையில், 2011 பிப்ரவரி 17 அன்று, மாணவர்கள் தெருவில் இறங்கிக் கேலியாகக் கொண்டாடினார்கள். ‘வறுவல் புரட்சி’ என்று அதற்குப் பெயர். வறுவல் கடைப் பண்பாட்டை மரபுச் செல்வமாக அறிவித்ததுகூடத் தனித்தனியாகத்தான்: 2014இல் பிளெமிஷ் சமூகம், பிறகு மற்ற மொழிச் சமூகங்கள். 2017இல் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளைக் குறைக்க ஐரோப்பிய ஆணையம் விதி கொண்டுவந்தபோது, கிழங்கை முதலில் வெந்நீரில் போடச் சொல்வார்களோ என்று பதறி பிளெமிஷ் சுற்றுலா அமைச்சரே கடிதம் எழுதினார். தடை எதுவும் இல்லை என்று ஆணையம் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

புரூஜ் நகரில் பதினான்காம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றில் வறுவலுக்கென்றே அருங்காட்சியகம் உண்டு. மழை பெய்தால் போகலாம். வெயில் இருந்தால், மணிக்கூண்டின் அடியில் நிற்கும் பச்சை நிறக் கடைகளே போதும்.

அடுத்த வாரம்: லீஜ் நகரத்து வாஃபிள்.