உங்களுக்குத் தெரியுமா? தலைகீழாய்த் தொங்கும் மலைச்செடி
ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலிலும் திருச்சிக் கடை வாசலிலும் கண் திருஷ்டிக்குக் கட்டும் சோற்றுக்கற்றாழை, மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் பசுமையாக இருக்கும். திருஷ்டி கழிகிறதோ இல்லையோ, காரணம் இதுதான்: பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் கரிவளியை உள்ளிழுக்கிறது, மடலில் சேர்த்த நீர் லேசில் வற்றாது. அரபு தீபகற்பத்தின் வறண்ட மலைகளே இதன் பூர்விகம் என்பது தாவரவியலாளர் கணிப்பு. ஆனால் இதன் ‘ஆலோ வேரா’ என்ற அறிவியல் பெயரை 1768இல் பதித்தது டச்சுக்காரர் பர்மனின் ‘ஃப்ளோரா இண்டிகா’, அதாவது இந்தியத் தாவர நூல்! 500க்கும் மேற்பட்ட ஆலோ இனங்களுள் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் ‘சைட்டிஸ்’ ஒப்பந்தத்தின் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலிருந்து பெயர் சொல்லி விலக்கப்பட்டது இது. விதை பிடிப்பது அபூர்வம். பக்கக்கன்றைப் பிரித்து நடலாம். காவிரி வண்டலானால் மணலைத் தாராளமாகக் கலக்கவும். சித்திரை வெயிலைத் தாங்கும் வேர், ஐப்பசி மழைநீர் தேங்கினால் அழுகிவிடும்.