மலைச்சாலையில் லாரி: ஓட்டத் தரவைத் திரட்டும் முறை

கனரக லாரி ஒன்று பழனிமலைத் தொடரில் ஏறும்போது எவ்வளவு டீசல் செலவாகிறது, எந்த வளைவில் ஓட்டுநர் எந்தக் கியருக்கு மாறுகிறார், இறக்கத்தில் பிரேக் எவ்வளவு சூடேறுகிறது என்பனவற்றை ஆய்வுக்கூடச் சோதனைகளால் மட்டும் அறிந்துவிட இயலாது. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் நடைமுறையிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி, கனரக எஞ்சின்கள் 1800 நொடிகள் நீளும் உலகப் பொது ஓட்டச் சுழற்சியில் சோதிக்கப்படுகின்றன. ஓட்டச் சுழற்சி என்பது எஞ்சின் நொடிக்கு நொடி எந்த வேகத்தில், எவ்வளவு சுமையுடன் சுழல வேண்டும் என வகுத்துரைக்கும் அட்டவணையாகும். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் முதலிய பகுதிகளின் சாலைகளில் எடுத்த பதிவுகளிலிருந்து அது வடிக்கப்பட்டதால், கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த நம் மலைச்சாலைக்கு அதனை அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியாகாது.

வத்தலக்குண்டிலிருந்து பழனிமலைத் தொடரிலுள்ள கொடைக்கானலுக்குச் செல்லும் லாஸ் காட் சாலை, சமவெளியில் தொடங்கி ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. பழனியிலிருந்து வரும் மற்றொரு மலைச்சாலை பெருமாள்மலையில் இதனுடன் சேர்கிறது. 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்களுக்கு 2024இல் மாவட்ட நிர்வாகம் தடை விதித்ததால், சிமெண்டையும் அரிசியையும் மேலே கொண்டுபோய்க் கேரட், உருளைக்கிழங்கு, மலைப்பூண்டு ஆகியவற்றைக் கீழே கொண்டுவரும் வேலை முழுவதும் நீளம் குறைந்த லாரிகளின் மீதே விழுகிறது.

இச்சாலையில் 16 டன் எடையுள்ள லாரி, சமவெளியின் உயரம் போக, 1800 மீட்டர் உயரம் ஏறுவதற்கு, உராய்வையும் காற்றுத்தடையையும் கணக்கில் சேர்க்காமலேயே, ஏறத்தாழ 28 கோடி ஜூல், அதாவது 78 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றல் வேண்டும். எஞ்சினின் செயல்திறன் 40 விழுக்காடு எனக் கொண்டால், உயரத்துக்கு மட்டும் சுமார் 20 லிட்டர் டீசல் செலவாகும். அதே எடையுடன் இறங்கும்போது, சக்கரங்களின் உராய்வும் காற்றும் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய ஆற்றல் முழுவதையும் எஞ்சினும் பிரேக்கும் தாங்கியாக வேண்டும். தாழ்ந்த கியரில் எஞ்சினையே தடையாகப் பயன்படுத்தாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், டிரம் அளவுக்கு மீறிச் சூடேறி, மிதித்தும் பிரேக் பிடிக்காத நிலை உருவாகும். பிரேக் தளர்வு என்று பொறியாளர்கள் குறிப்பிடும் இந்நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. மின்சார லாரியாயின் இதே ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்ப முடியும். எவ்வளவு என்பதை உண்மையான இறக்கத்தின் பதிவே சொல்ல முடியும்.

இப்பதிவுக்கு அடிப்படையாக அமைவது வாகனத்தின் மின்னணு உறுப்புகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் கேன் என்னும் கம்பித்தடமாகும். கனரக வாகனங்களில் அச்செய்திகள் பெரும்பாலும் ஜே1939 என்னும் பொது நெறியில் அமைவதால், தரவுப் பதிவுக் கருவியை அதனுடன் இணைத்து எஞ்சின் வேகம், முறுக்குவிசை, எரிபொருள் ஓட்டம் ஆகியவற்றை நேரத்துடன் சேமிக்கலாம். மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத பழைய லாரிகளுக்கு இவ்வழி பயன்படாது. அவற்றில் எரிபொருள் குழாயிலேயே அளவியைப் பொருத்த வேண்டும். பிரேக் டிரம்மின் வெப்பநிலையும் பொதுவாக இத்தடத்தில் கிடைப்பதில்லை என்பதால் அதற்கெனத் தனி வெப்ப உணரி தேவைப்படும்.

இடத்தைச் சுட்டும் ஜி.பி.எஸ். கருவி, செங்குத்தான பாறைச்சரிவும் அடர்ந்த மரங்களும் வானை மறைக்கும் இடங்களில் பிழைபடுகிறது; உயரத்தை அளப்பதில் அதன் பிழை இன்னும் மிகுதி. சாலையின் சாய்வு தவறினால் ஆற்றல் கணக்கு முழுவதும் தவறும் என்பதால், ஏற ஏறக் குறையும் காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் அழுத்தமானியையும், வண்டியின் திருப்பத்தையும் குலுக்கலையும் உணரும் முடுக்கமானியையும் உடன் வைக்கின்றனர். இவை அனைத்தும் இருந்தும் சுமையின் எடை தெரியாவிடில் தரவின் மதிப்பு பாதியாகிவிடும். ஆகவே ஒவ்வொரு நடைக்கும் எடைமேடைச் சீட்டைப் பதிவுடன் இணைப்பது, எளிய வேலையாயினும், ஆய்வின் உயிர்நாடியாகும்.

சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலில் நடைமுறைக்கு வந்த இ-பாஸ், மலைக்கு வரும் வாகனங்களின் எண்ணிக்கையைக் காட்டுகிறது. அவை மலையில் எப்படி ஓடுகின்றன என்பதை ஓட்டத் தரவே காட்டும். வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் அடங்கிய ஓராண்டுப் பதிவு, ஏற்றத்துக்குக் காட்டும் அதே அக்கறையோடு இறக்கத்துக்கும் எடுக்கப்பட வேண்டும். அதைத் திரட்டுவோர், என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள் என்பதை ஓட்டுநரிடம் தமிழில் விளக்கி எழுத்துமூலம் ஒப்புதல் பெறுவதோடு, அப்பதிவு அவருடைய கூலியைக் குறைக்கவோ வேலையைப் பறிக்கவோ பயன்படாது என்ற உறுதியையும் முதலிலேயே அளிக்க வேண்டும்.